வாடிக்கையாளர் பட்டியலுக்கு எந்த மென்பொருள்? வீட்டுக் காளான் பண்ணையாளர்களுக்குச் சில யோசனைகள்

சிப்பிக் காளான் வளர்ப்பு தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீட்டுத் தொழிலாக நடைபெற்று வருகிறது. வைக்கோலைப் பதப்படுத்துதல், வித்து இடுதல், குடிலில் ஈரப்பதம் காத்தல் ஆகியவை பற்றி வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகின்றன. ஆனால் பறித்த காளானை யாரிடம் விற்பது, ஒருமுறை வாங்கியவரை எப்படித் தொடர்ந்து வாங்கச் செய்வது என்பதில் நாங்கள் போதிய கவனம் செலுத்தவில்லை. பயிற்சி அளித்தவர்களில் ஒருவன் என்ற முறையில் இக்குறையில் எனக்கும் பங்கு உண்டு.

எங்களிடம் பயிற்சி பெற்றோரின் பண்ணைகளைப் பார்வையிடச் சென்றபோது, கோவைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு குடில் பூட்டிக் கிடந்தது. நான்கு ஆண்டுகளாக நன்றாக நடந்த தொழில். நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் விற்று வந்தவர் அந்த அம்மையார். அவருடைய செல்போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் எண்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. சிம் கார்டு உறவினர் ஒருவர் பெயரில் இருந்தது; அவர் ஊரில் இல்லை. பழைய எண்ணையும் மீட்க முடியவில்லை. படுக்கைகளில் காளான் பூத்துக்கொண்டுதான் இருந்தது. மூன்று வாரம் பாதியை உரக்குழியில் கொட்டிவிட்டு, அதன்பின் அவர் வித்து வாங்குவதையே நிறுத்திவிட்டார். "போன் போனா இன்னொன்னு வாங்கிக்கலாமுங்க சார். வாங்கற ஆளுங்கள எங்கீங்க போய்த் தேடறது?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதே சுற்றுப்பயணத்தில் இதற்கு நேர்மாறான ஒருவரையும் கண்டேன். நாட்டுக்கோழிக் குஞ்சு விற்கும் அந்த இளைஞர், யாரோ சொன்னார்கள் என்று பெரிய மென்பொருள் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தார். அதிலுள்ள வசதிகளில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. மறு ஆண்டு சந்தா கட்டாதபோது கணக்கு மூடப்பட்டது. பட்டியலை வெளியே எடுத்துக்கொள்ளும் முறையும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒருவரிடம் மென்பொருளே இல்லை; மற்றவரிடம் தேவைக்கு மேல் இருந்தது. இழந்தது இருவரும் ஒன்றையே. ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் என்னென்ன வசதி உள்ளது என்பதைவிட, நம் பட்டியல் நம் கையில் இருக்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நெல்லைத் திரும்ப எடுக்க வழியில்லாத குதிரில் யாரும் நெல் கொட்டுவதில்லை.

காளானுக்கு ஏன் இது முக்கியம்?

சிப்பிக் காளானில் சுமார் 90 சதம் நீர் உள்ளது. சாதாரண அறை வெப்பத்தில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. குளிர்பதனப் பெட்டியில் சில நாட்கள் வைக்கலாம். உலர்த்தினால் 10 கிலோவுக்கு சுமார் 1 கிலோதான் மிஞ்சும். மேலும், ஒரே நாளில் போட்ட படுக்கைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அறுவடைக்கு வரும். வழக்கமாக 5 கிலோ கிடைக்கும் குடிலில் ஒரு நாள் காலை 12 கிலோ நிற்கும். அந்தக் காலைப் பொழுதில் யார் யாருக்குப் போன் செய்யலாம் என்பது தெரிந்திருந்தால் பணம், தெரியாவிட்டால் நட்டம்.

தேவையும் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை அணியும் கார்த்திகையிலும் பல வீடுகளில் அசைவம் இல்லை, காளான் கேட்பார்கள். முகூர்த்த நாட்களில் சமையல் ஒப்பந்தக்காரர்கள் மொத்தமாகக் கேட்பார்கள். சென்ற புரட்டாசியில் வாங்கியவர் யார், சென்ற வைகாசியில் 20 கிலோ எடுத்த சமையல்காரர் யார் என்பதை ஒரு மாதம் முன்னதாகவே பார்த்து, அதற்கேற்பப் படுக்கை போட வேண்டும். வித்து இட்டு முதல் அறுவடைக்கு மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகுமல்லவா? எனவே வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்துத்தான் உற்பத்தியையே திட்டமிட வேண்டியுள்ளது.

முதலில் நோட்டுப் புத்தகம்

எந்த மென்பொருளும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் நீளமான நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். பெயர், ஊர் அல்லது தெரு, போன் எண், வாங்கிய தேதி, அளவு, படுக்கை போட்ட நாள், பாக்கி, அடுத்து எப்போது தேவைப்படும், குறை ஏதும் சொன்னாரா ஆகிய ஒன்பது பத்திகள் போதும். படுக்கை போட்ட நாளைக் குறிப்பதன் காரணம், ஒரு தொகுதிக் காளானில் குறை வந்தால் அது யார் யாருக்குப் போயிற்று என்று உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம்.

ஒரு மாதம் எழுதியபின், எந்தப் பத்தியை அடிக்கடி புரட்டினீர்கள், எதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். அடிக்கடி பார்த்த பத்திகளே மென்பொருளில் உங்களுக்குத் தேவையானவை. நோட்டில் எழுதச் சோம்பல்படுபவர் மென்பொருளிலும் எழுதமாட்டார்; அவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும்.

எந்த அளவுக்கு எது?

என் அனுபவத்தில் வீட்டுத் தொழில்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதல் நிலை: சுமார் 100 வாடிக்கையாளர் வரை, ஒருவரே கவனித்துக்கொள்ளும் தொழில். இதற்கு நோட்டுப் புத்தகமும் செல்போனில் உள்ள தொடர்பு ஏடுமே போதும். ஆனால் எண்ணைப் பதியும்போது சிம் கார்டிலோ போனிலோ பதியாமல், கூகுள் கணக்கில் பதிய வேண்டும். போன் தொலைந்தாலும், புதுப் போனில் அதே கணக்கைத் திறந்தால் பட்டியல் முழுவதும் வந்துவிடும். தவறுதலாக அழித்துவிட்டால் 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்பவும் வழி உண்டு. வீடு, ஓட்டல், சமையல்காரர், கடை என்று லேபிள் இட்டுப் பிரித்தும் வைக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாம் நிலை: 100 முதல் 400 பேர் வரை, யார் எவ்வளவு வாங்கினார் என்ற கணக்கும் வேண்டும். இதற்குக் கணக்குத்தாள் மென்பொருள் ஏற்றது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவை இலவசம். கூகுள் ஷீட்ஸில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு போனில் ஒரே தாளைத் திறந்து எழுதலாம். போன் எண் எழுதும் பத்தியை மட்டும் முதலிலேயே எழுத்து வகைக்கு, அதாவது 'டெக்ஸ்ட்' என்பதற்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் எண்ணின் முன்னுள்ள சுழியம் மறைந்துவிடும். 91 சேர்த்து எழுதிய நீண்ட எண் சில மென்பொருள்களில் வேறு உருவில் காட்சியளிக்கலாம்.

மூன்றாம் நிலை: இரண்டு மூன்று பேர் ஆர்டர் எடுக்கிறார்கள், திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னவரைக் கூப்பிட மறந்துபோகிறது, கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் தவணையில் சரக்குப் போகிறது. அப்போதுதான் தொடர்பு மேலாண்மைக்கென்றே உள்ள மென்பொருள் தேவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2020-இல் சிறு தொழில்களுக்கென வெளியிட்ட 'பிகின்', அந்நிறுவனத்தின் பெரிய மென்பொருளான ஜோஹோ சி.ஆர்.எம்., அமெரிக்காவின் ஹப்ஸ்பாட் போன்றவற்றில் கட்டணமில்லாத பிரிவு உண்டு. இலவசப் பிரிவின் வரம்புகள் அவ்வப்போது மாறும். சேரும் நாளில் சரிபார்த்துக்கொள்வது நலம்.

இவ்வகை மென்பொருள் பிறந்த விதத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1987-இல் வெளிவந்த 'ஆக்ட்' என்னும் மென்பொருள் இதன் முன்னோடி. அது விற்பனைப் பிரதிநிதிகளுக்காக அமைந்தது. ஒருவரைப் பலமுறை சந்தித்து, பேசி, முடிவில் ஒரு பெரிய ஆர்டரைப் பெறுவது அவர்கள் வேலை. இன்றும் இம்மென்பொருள்கள் பல அந்த அமைப்பிலேயே உள்ளன. வாரந்தோறும் 200 கிராம் பொட்டலம் ஒன்றை வாங்கும் வீட்டுக்கு இந்த அமைப்பு பொருந்தாது. நமக்கு வேண்டியது, கடைசியாக எப்போது வாங்கினார், அடுத்து எப்போது கேட்பார் என்ற இரண்டும் ஒரே பார்வையில் தெரிவதுதான்.

வாட்ஸ்அப் மட்டும் போதாதா?

இந்தக் கேள்வியைப் பயிற்சிக்கு வருபவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். 2018-இல் இந்தியாவில் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ் நல்ல கருவிதான். லேபிள், பொருள் பட்டியல், வழக்கமான பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி எல்லாம் உண்டு. ஆனால் அது பேசும் இடம். கணக்கு வைக்கும் இடம் அன்று. முன்பணம் தந்ததாக ஒருவர் அனுப்பிய செய்தி, நூறு காலை வணக்கங்களுக்குக் கீழே போய்விடும். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் சேரும். எண் போனால் எல்லாம் போயிற்று. எனவே ஆர்டர் பெற அதைப் பயன்படுத்துங்கள். பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். தொழிலுக்கான சிம் கார்டு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. பத்துப் பெயர்களைப் பதிந்து, முதல் நாளே சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாவிட்டால் அந்த மென்பொருள் வேண்டாம்.

2. தமிழில் பெயர் எழுதித் தேடிப் பாருங்கள். வெளியே எடுத்த கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் சில சமயம் தமிழ் எழுத்து சிதைந்து தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அதையே கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் பெரும்பாலும் சரியாக வரும்.

3. போனில் இணையத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். சிக்னல் இல்லாத தோட்டத்தில் பயன்படாதது நமக்கு உதவாது.

4. நாளைக் காலைக்கு ஒரு நினைவூட்டல் வைத்து, அது ஒலிக்கிறதா என்று பாருங்கள். கோழிக்குஞ்சு விற்போருக்கு இது மிக முக்கியம். முதல் வாரத்தில் இராணிக்கெட் தடுப்பு மருந்து போடும் நாளை வாங்கியவருக்கு நினைவூட்டினால், குஞ்சும் பிழைக்கும், அவரும் மறுபடி உங்களிடமே வருவார்.

5. வீட்டில் ஆர்டர் எடுக்கும் மற்றொருவரிடம் போனைக் கொடுங்கள். அவர் பத்து நிமிடத்தில் ஒரு பெயரைத் தாமாகவே பதிய முடியாவிட்டால், அது உங்கள் வீட்டுக்கு ஏற்றதன்று.

செலவைக் கிலோவில் கணக்கிடுங்கள்

சந்தா பெரும்பாலும் ஆளுக்கு, மாதத்துக்கு என்று சொல்லப்படும். கேட்கச் சிறியதாக இருக்கும். ஓர் உதாரணத்துக்கு ஆளுக்கு மாதம் ரூ.500 என்று கொள்வோம். இருவருக்கு ஆண்டுக்கு ரூ.12,000. கிலோவுக்கு நிகர இலாபம் ரூ.60 என்றால், 200 கிலோ காளானின் இலாபம் அதற்கே போய்விடும். நாளொன்றுக்கு 5 கிலோ எடுப்பவருக்கு இது 40 நாள் உழைப்பு. அந்த மென்பொருளால் ஆண்டில் 200 கிலோ கூடுதலாக விற்குமா, அல்லது அவ்வளவு வீணாவது மிச்சப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

வாடிக்கையாளரின் சம்மதம்

ஒருவர் தரும் போன் எண் நம்மை நம்பித் தருவது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. "காளான் வரும் நாளில் செய்தி அனுப்பலாமா?" என்று கேட்டு, சம்மதித்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். வேண்டாம் என்றவரை அன்றே நிறுத்திவிடுங்கள். பட்டியலை வேறு வியாபாரிகளுக்குத் தர வேண்டாம்.

இனி நடத்தும் காளான் பயிற்சிகளில் அரை நாளை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வித்து இடக் கற்றுத் தரும் நாம், விற்ற கணக்கை எழுதவும் கற்றுத் தர வேண்டும். அதுவரை காத்திராமல், பண்ணையாளர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். செல்போனில் உள்ள வாடிக்கையாளர் எண்களைக் கூகுள் கணக்குக்கு மாற்றி, ஒரு பிரதியை நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை புது எண்களை அதில் சேர்த்து வந்தால், போன் தொலைந்தாலும் தொழில் தொலையாது.