கைமாறு இல்லை, ஆனாலும் குற்றம்: ஈஸ்வரன் வழக்கு எழுப்பிய கேள்வி

தீபாவளி நேரம். உங்க அக்கா உணவுக் கடைகளைச் சோதனை செய்யும் அரசாங்க அதிகாரின்னு வச்சுக்குங்க. அவர் சோதனை செய்யும் தேக்கா கடைக்காரர் ஒருவர் ஒரு டப்பா முறுக்கு நீட்டுகிறார். கூடவே ஒரு தங்கக் காசு. "எதுவும் செய்ய வேணாம்மா, சும்மா வச்சுக்குங்க." வாங்கலாமா?

முறுக்கைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கப்போவதில்லை. பொதுச் சேவை விதிகள் பொதுவாக 50 வெள்ளியை எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. தங்கக் காசு விஷயம் வேறு. கடைக்காரர் உண்மையிலேயே எதையும் எதிர்பார்க்கவில்லை என்றாலும் வாங்கினால் சிக்கல்தான்.

முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் சிறைக்குப் போனதும் கிட்டத்தட்ட இந்தக் காரணத்தால்தான். ஆனால் நம்மில் பலர் அந்த வழக்கை "லஞ்ச வழக்கு" என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அது முழுக்கச் சரியில்லை.

2023 ஜூலையில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அவரைக் கைது செய்தது. 2024இல் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் மொத்தம் 35. அவற்றில் இரண்டு லஞ்சத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தவை. செப்டம்பர் 24, விசாரணையின் முதல் நாளில், அரசாங்கத் தரப்பு அந்த இரண்டையும் மாற்றியது. ஈஸ்வரன் 5 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். நான்கு, தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவில் வந்தவை. ஒன்று, நீதிக்கு இடையூறு செய்தது.

ஏன் மாற்றினார்கள்? லஞ்சம் என்று நிரூபிக்க, கொடுத்தவரும் வாங்கியவரும் எந்த எண்ணத்தில் கொடுத்து வாங்கினார்கள் என்பதைக் காட்ட வேண்டும். இருவருமே மறுத்தால் நிரூபிப்பது கஷ்டம் என்பதைத் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகமே சொன்னது. 165ஆவது பிரிவுக்கு அந்தச் சிரமம் இல்லை. அது கேட்பது மூன்றே விஷயம்: நீங்க அரசாங்கப் பொறுப்பில் இருக்கீங்களா? கொடுத்தவருக்கும் உங்க வேலைக்கும் தொடர்பு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? விலைமதிப்புள்ள பொருளை இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ வாங்கினீங்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் போதும். பதிலுக்கு என்ன செய்து கொடுத்தீங்க என்ற கேள்வியே கிடையாது.

(ஒரு சுவாரசியம்: இந்தப் பிரிவின் வேர் பிரிட்டிஷார் எழுதிய 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். கம்பெனி ஆட்சியில் அதிகாரிகளுக்கு வந்து குவிந்த பரிசுகளை நினைத்துப் பார்த்தால் இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.)

ஈஸ்வரன் வாங்கியவை? எஃப்1 டிக்கெட்டுகள், 2022 டிசம்பரில் தோஹாவுக்குத் தனியார் விமானப் பயணம், விஸ்கி, ஒயின், கோல்ஃப் மட்டைகள், ஒரு பிராம்ப்டன் சைக்கிள். எல்லாம் சேர்த்து சுமார் 403,000 வெள்ளி. கொடுத்தவர்கள் இருவர். ஒருவர், சிங்கப்பூர் எஃப்1 பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்குச் சொந்தக்காரரான ஓங் பெங் செங். இன்னொருவர், தானா மேரா ரயில் நிலையப் பணி ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த கட்டுமான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் லம் கோக் செங். லம்மீது குற்றம் சாட்டப்படவில்லை.

இருவரும் நெருங்கிய நண்பர்கள் என்பது ஈஸ்வரன் தரப்பு வாதம். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, பிரச்சினையே அங்கேதான். எஃப்1 பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் தொடங்கிய அந்த இரவுப் பந்தயத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 135 மில்லியன் வெள்ளி செலவு. அதில் 60 விழுக்காடு வரை அரசாங்கத்தின் பணம், அதாவது நீங்க கட்டும் ஜிஎஸ்டியும் சேர்ந்த பணம். எஃப்1 வழிநடத்தும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் ஈஸ்வரன். மேசையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஓங். மேசையை விட்டு எழுந்தால் இருவரும் நண்பர்கள். அப்படியானால் உங்க சார்பில் பேரம் பேசியது யார்?

இது ஒரு மனிதரின் கதை மட்டுமில்லை. சிங்கப்பூரில் அரசாங்கம் விதிகளை எழுதுவதோடு நிற்பதில்லை, பெரிய முதலாளியும் அதுதான். நிதி அமைச்சுக்குச் சொந்தமான தெமாசெக், டிபிஎஸ் வங்கி, சிங்டெல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்றிலும் ஆகப்பெரிய பங்குதாரர். அமைச்சர்களும் தொழிலதிபர்களும் சந்தித்துப் பேசாமல் இந்த ஊர் ஓடாது. அதற்கு நாம் போட்ட பூட்டு, சம்பளம். 1994 வெள்ளை அறிக்கையிலிருந்து வரும் கொள்கை அது. 2012 பரிந்துரைப்படி புதிதாகப் பொறுப்பேற்கும் அமைச்சருக்கு ஆண்டுக்கு 1.1 மில்லியன் வெள்ளி. நல்ல சம்பளம் கொடுத்தால் கை நீளாது என்பது கணக்கு. பணத் தேவைக்கு அந்தக் கணக்கு சரி. நட்புக்கும் விஐபி டிக்கெட்டுக்கும் அது பூட்டாகவில்லை.

அரசியலில் மாற்றம் கேட்பவர்கள் இங்கே முன்வைப்பது, விவரங்களை வெளியே வையுங்கள் என்பதைத்தான். நம் அமைச்சர்கள் சொத்து விவரங்களைப் பிரதமரிடம் தெரிவிக்கிறார்கள், நமக்கு அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இங்கில்லை. பிரிட்டனில் அமைச்சர்கள் பெற்ற பரிசுகளும் விருந்துகளும் அவ்வப்போது வெளியிடப்படுகின்றன. எல்லாவற்றையும் கடைவிரித்தால் திறமைசாலிகள் அரசியலுக்கு வரத் தயங்குவார்கள் என்பது எதிர்வாதம். அதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் படிவம் இருந்தால் மட்டும் போதும்னு நினைச்சா தமிழ்நாட்டைப் பாருங்க. இந்தியாவில் வேட்பாளர்கள் சொத்துக் கணக்கைப் பகிரங்கமாகக் காட்ட வேண்டும். அதே நாட்டில் 2018 முதல் யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பதை மறைக்கும் தேர்தல் பத்திரங்கள் சட்டப்படியே இருந்தன. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் விவரம் வந்தது. ஆக அதிகமாக வாங்கியது, 1,368 கோடி ரூபாய்க்கு, கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். அதில் 509 கோடி தனக்கு வந்ததாக திமுக தானே தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் "ஒரு சைக்கிளுக்கும் கார் ரேஸ் டிக்கெட்டுக்கும் ஜெயிலா?" என்று ஊரில் இருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்.

நீதிபதி வின்சென்ட் ஹூங் அப்படிப் பார்க்கவில்லை. அரசாங்கத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். 2024 அக்டோபர் 3ஆம் தேதி அவர் விதித்தது 12 மாதம். பதவி எவ்வளவு உயர்ந்ததோ, மக்களின் நம்பிக்கைக்கு ஏற்படும் சேதமும் அவ்வளவு பெரியது என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. 2025 ஆகஸ்ட்டில் ஓங்கும் நீதிக்கு இடையூறு செய்ய உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்டார். கடும் நோயைக் கருத்தில் கொண்டு அவருக்குச் சிறை இல்லாமல் 30,000 வெள்ளி அபராதம்.

அந்த இடையூறு என்ன தெரியுமா? தோஹா பயண விவரம் புலனாய்வாளர்கள் கையில் சிக்கிவிட்டது என்று தெரிந்ததும் ஈஸ்வரன் பில் அனுப்பச் சொல்லிக் கேட்டார். பயணம் முடிந்து ஐந்து மாதத்துக்கு மேல் கழித்து, 2023 மே மாதம், திரும்பி வந்த விமான டிக்கெட்டுக்கு 5,700 வெள்ளி கட்டினார். புலனாய்வாளர்கள் வேறொரு விசாரணைக்காகப் பயணிகள் பட்டியலை எடுத்திருக்காவிட்டால் அந்தப் பில் வந்தே இருக்காது. இன்றைய எஃப்1 ஒப்பந்தம் 2028 வரை. அடுத்த பேரத்தில் மேசையின் இரு பக்கமும் உட்காரப்போகிறவர்கள் ஒருவருக்கொருவர் என்ன கொடுத்து வாங்கினார்கள் என்று நீங்க போய்ப் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியல் எதுவும் இன்னும் இல்லை.