பேரணி போதும், மனு எழுதலாம்: பூஞ்சேரியில் மாணவர்களுக்குக் காத்திருக்கும் வேலை

2021 அக்டோபர். மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தங்களை உட்கார விடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த மாதக் கடைசியிலேயே அறநிலையத் துறை அமைச்சர் பி.கே.சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்து, அதே பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கே நேரில் போனார். அங்குள்ள நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் கொடுக்கப்பட்டன.

பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அன்று கொடுத்த எதுவும் புதுத் திட்டம் கிடையாது. பட்டா, சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாமே சட்டப்படி அவர்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியவை. அந்த வீடியோ வைரல் ஆகாமல் போயிருந்தால்?

இந்தக் கேள்வி அரசுக்கு மட்டுமானது அல்ல. அந்த ஊரைச் சுற்றியிருக்கும் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான்.

சென்னையில் தொடங்கும் ஓ.எம்.ஆர். போய் முடியும் இடம் பூஞ்சேரி. ஐ.டி. கம்பெனிகளைத் தாண்டி கேளம்பாக்கம் வந்தால் தனியார் பல்கலைக்கழகங்கள். பக்கத்தில் புதுப்பாக்கத்தில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று வளாகம் மேல் வளாகம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டிசம்பர் 10 வந்தால் மனித உரிமை தினத்துக்குப் பேனர், உறுதிமொழி, பேரணி எல்லாம் நடக்கும். மறுநாள்?

மாணவர்கள் மனித உரிமைக்காகச் செய்யக்கூடிய பெரிய வேலை விழிப்புணர்வு அல்ல. ஒரு குடும்பத்தின் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்து, அது முடியும்வரை விடாமல் பின்தொடர்வதுதான்.

ஒரு சான்றிதழில் அப்படி என்ன இருக்கிறது?

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டில் நீண்ட காலம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தன. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. செய்தி வந்தது, இனிப்பு கொடுத்தார்கள், விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

முடியவில்லை. எம்.பி.சி. சான்றிதழ் தாசில்தார் அலுவலக அளவில் கிடைத்துவிடும். பழங்குடியினர் சான்றிதழ் அப்படி அல்ல. அதைக் கொடுக்கும் அதிகாரம் 1989 நவம்பரிலிருந்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. சட்டம் மாறியதும் பழைய சான்றிதழ் தானாக மாறிவிடாது. ஒவ்வொருவரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், விசாரணைக்கு நிற்க வேண்டும்.

அங்கே முதலில் கேட்பது, ‘அப்பா, அம்மா சான்றிதழ் இருக்கா?’ என்பதைத்தான். பாசிமணி விற்க ஊர் ஊராகப் போன தலைமுறையிடமும், மரம் வெட்டும் இடத்திலேயே பிள்ளை பெற்ற தலைமுறையிடமும் அது எப்படி இருக்கும்? பெற்றோரிடம் இல்லாததால் பிள்ளைக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லாததால் பேரனுக்கும் இல்லை என்று இது சுற்றிக்கொண்டே போகிறது.

இதன் விலையைக் கொடுப்பது பிளஸ் டூ முடித்த பிள்ளைதான். பழங்குடியினருக்கு மாநிலத்தில் 1 சதவீதம், மத்திய அரசு நிறுவனங்களில் 7.5 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறது. மேல்படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. அந்த ஒரு தாள் இல்லையென்றால் இவை எதுவுமே கிடையாது. கவுன்சலிங் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. சான்றிதழ் ஆறு மாதம் தாமதமாக வந்தால், அந்தப் பிள்ளைக்குப் போவது ஆறு மாதம் அல்ல, ஒரு முழு வருடம். பல வீடுகளில் படிப்பே அதோடு நின்றுவிடும்.

சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வாழ்க்கை

இன்னொரு தாளும் இருக்கிறது. அது விடுதலைச் சான்றிதழ்.

2019 ஜூலையில், செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆவதற்குச் சில மாதங்கள் முன்பு, காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் புகைப்படம் அன்று நாட்டையே உலுக்கியது. அவ்வளவு பேரையும் கட்டிப்போட்டது பெரிய கடன்கூட இல்லை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. வாங்கியது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவர் மேல்தான் என்கிறது அதன் 15-வது பிரிவு. மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். அதன் பிறகு ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான சூழலில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய்.

ஆனால் கேமரா போன பிறகு இந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்ததா, பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தார்களா, அந்தக் குடும்பம் திரும்ப அதே முதலாளியிடம் போகாமல் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? பூஞ்சேரியிலும் முதல்வர் வந்துபோன சில மாதங்களில், கடனுதவி கைக்கு வரவில்லை என்று அங்கிருந்தே புகார் கிளம்பியது. மேடையில் கொடுப்பதற்கும் வீட்டுக்கு வந்து சேர்வதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் ஆள் தேவை.

சட்டமே மாணவர்களைக் கூப்பிடுகிறது

‘இதுக்கும் காலேஜுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதைத் தேசிய ஆணையத்தின் வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்த மையங்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு 2011-ல் விதிமுறைகளும் வந்தன. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலே போதும். ஆனால் அந்த எண்ணை அழைக்க வேண்டியவர்களுக்கு அப்படி ஒரு எண் இருப்பது தெரிய வேண்டுமே!

சட்டம் படிக்காத மாணவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் கொடுக்க வேண்டும். அந்த 120 மணி நேரமும் மரக்கன்று நடவும் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கவுமே போக வேண்டுமா? அதில் பாதியை இரண்டு குடும்பங்களின் விண்ணப்பத்துக்குக் கொடுக்கலாமே. இ-சேவையில் பதிவு செய்வது, ஒப்புகை எண்ணைக் குறித்து வைப்பது, சொந்தக்காரர்களில் யாரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா என்று தேடி வம்சாவளி எழுதுவது, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கூடப் போவது, பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போட்டு 30 நாள் எண்ணுவது. இதற்கெல்லாம் எல்.எல்.பி. தேவையில்லை, பொறுமை வேண்டும்.

பொறுமையால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் டெல்லியில் இருக்கிறது. 2013-ல் டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. மாணவர்கள் சிறை சிறையாகப் போய், மரண தண்டனைக் கைதிகளிடமும் அவர்களது குடும்பங்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். அப்போதிருந்த 385 கைதிகளில் 373 பேரைச் சந்தித்தார்கள். கோஷம் போடவில்லை, கேட்டு எழுதிக்கொண்டார்கள். 2016-ல் வந்த அந்த அறிக்கை, தூக்குத் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் என்பதைக் கணக்கோடு காட்டியது. அதன் பிறகு மரண தண்டனை பற்றிய விவாதம் எதுவும் அந்த எண்களைத் தொடாமல் நடப்பதில்லை.

நியாயமான சந்தேகங்கள்

இதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ‘காப்பாற்ற வந்தோம்’ என்ற தோரணையில் பூஞ்சேரிக்குள் நுழைந்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டு போகும் கூட்டத்தால் யாருக்கும் உரிமை கிடைக்காது. அங்குள்ளவர்கள் இதை நிறையப் பார்த்துவிட்டார்கள். போகும் முன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் பழங்குடி அமைப்புகளின் பேச்சைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். ஆதார் நகலும் குடும்பக் கதையும் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றக் கூடாது. கொத்தடிமை பற்றித் தகவல் தெரிந்தால் மாணவர்கள் தாங்களே போய் மீட்க முயலக் கூடாது. கோட்டாட்சியரிடமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடி விழப்போவது அந்தத் தொழிலாளிக்குத்தான்.

செமஸ்டர், அட்டெண்டன்ஸ், பிளேஸ்மென்ட் என்ற நெருக்கடியும் உண்மைதான். மூன்று வருடத்தில் மாணவர்கள் போய்விடுவார்கள், ஃபைல் அங்கேயே கிடக்கும். அதனால்தான் இதைத் தனி மாணவர்களின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது. பொறுப்பான ஒரு பேராசிரியர், ஒரு பதிவேடு, சீனியர் ஜூனியரிடம் ஒப்படைக்கும் வழக்கம், இந்த வேலைக்கு கிரெடிட். இவை கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டியவை. ‘அரசியல் வேண்டாம்’ என்று கைகழுவும் நிர்வாகங்களுக்கு ஒரே பதில்தான்: சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் என்றால், அதைப் பார்த்துவிட்டு அட்மிஷன் போடுவதும் அரசியல்தான்.

எங்கே தொடங்குவது?

ஒவ்வொரு வருடமும் மாசி மகத்துக்குப் பல மாவட்டங்களில் இருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுகின்றன. மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். மற்ற நாட்களில் சிதறிக் கிடக்கும் சமூகம் ஒரே இடத்தில் சேர்வது அப்போதுதான். அப்பனுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், வேறு மாவட்டத்தில் இருக்கும் சித்தப்பனிடம் இருப்பது தெரிய வரும் நாளும் அதுதான்.

அடுத்த மாசி மகத்துக்கு, வழிபாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் பெரியவர்கள் சொல்லும் இடத்தில், நாலு மேஜை போடட்டும் இந்தக் கல்லூரிகள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் ஒருவர், வருவாய்த் துறை ஆள் ஒருவர், விண்ணப்பம் எழுத மாணவர்கள். அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பது முக்கியமில்லை. எழுதிய விண்ணப்பங்களில் எத்தனை, ஜூன் மாத அட்மிஷனுக்கு முன் சான்றிதழாகக் கைக்கு வந்தன என்று கல்லூரிகள் டிசம்பர் 10-ம் தேதி மேடையில் சொல்லட்டும். பேரணியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.