மறைக்கும் நோயும் பறிக்கும் கூட்டமும்

கையிலே காயம் பட்டால் காட்டுகிறோம். காலிலே முள் தைத்தால் கத்துகிறோம். இடுப்புக்குக் கீழே வலித்தால் மட்டும் வாய் மூடுகிறோம்! ஆண்பிள்ளைக்கு அங்கே வலி வரக்கூடாதென்று எவன் எழுதி வைத்தான்?

அடிவயிற்றிலே, விரையிலே, விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலே மாதக்கணக்கில் குடியிருக்கும் வலி அது. உட்கார்ந்தால் உறுத்தும், சிறுநீர் கழித்தால் எரியும், இல்லற இன்பத்தையும் வேதனையாக்கும். நாட்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்கிறார்கள் டாக்டர்கள். புராஸ்டேட் சுரப்பியின் அழற்சி என்ற பெயரும் உண்டு. ஆனால் இந்த வலிக்காரரில் மிகப் பெரும்பாலோரிடம் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வட அமெரிக்காவில் 196 பேரிடம் சோதித்தார்கள்; ஆறு வாரம் கொடுத்த கிருமிக்கொல்லி மாத்திரை, வெறும் மாத்திரையை விட மேலான பலன் தரவில்லை.

வாலிபத்தில் செய்த 'பாவம்' என்று மிரட்டுகிறானே சுவரொட்டி வைத்தியன், அது பச்சைப் பொய். அவன் விற்பது மருந்தல்ல, நமது வெட்கத்தை! நாம் வெட்கப்படும் வரையில் அவனுக்கு வருமானம்.

இப்போது 'காந்த சிகிச்சை' என்ற பெயர் காதில் விழுகிறது. நம்புவதா, நகைப்பதா? இரண்டுக்கும் முன்னால், சோதிப்பது!

சோதனைக்கு ஒரு சரித்திரம் உண்டு. பாரிசிலே மெஸ்மர் என்பவர் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொன்னார். சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டார்கள். 1784இல் பிரெஞ்சு மன்னர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் அதிலே, லவாசியேயும் அதிலே. தோட்டத்தில் ஒரு மரத்துக்கு 'சக்தி ஏற்றி', சிறுவன் ஒருவனின் கண்ணைக் கட்டி நடக்க விட்டார்கள். சக்தி ஏற்றாத மரத்தடியில் மயங்கி விழுந்தான் அவன்! காந்தமல்ல, கற்பனை என்று தீர்ப்பளித்தது குழு.

இன்றைய கருவி அந்த வித்தையல்ல. நாற்காலியின் அடியிலே கம்பிச்சுருள். அதில் மின்சாரம் விட்டு விட்டுப் பாய்கிறது. மாறும் காந்தப்புலம் உடலுக்குள் மின்னோட்டத்தை எழுப்பி, இடுப்படி நரம்புகளையும் தசைகளையும் தூண்டுகிறது. காந்தப்புலம் மாறினால்தான் மின்னோட்டம் எழும். 1831இல் பாரடே காட்டிய உண்மை இது. இடுப்பிலே கட்டும் காந்தப் பட்டையில் மாற்றமேது? மின்னோட்டமேது? நாற்காலியின் பெயரைச் சொல்லிப் பட்டையை விற்பவன் பகற்கொள்ளைக்காரன்!

நாற்காலியாவது நலம் தந்ததா? பிரிட்டனில் 21 பேருக்கு வாரம் இருமுறை, நான்கு வாரம் செய்து பார்த்தார்கள். சிலருக்கு உண்மைச் சிகிச்சை, சிலருக்குப் போலி; எது எவருக்கென்று நோயாளிக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிய அதே நியாயம்! உண்மைச் சிகிச்சை பெற்றவருக்கு ஓராண்டுக்குப் பிறகும் வலி குறைந்திருந்ததென்று 2005இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த செய்தி வேறு: 14 பேரில் பெரும்பாலோருக்குக் கருவி ஓடும்போது வலி தணிந்தது, பிறகு நிலைக்கவில்லை.

21 பேர், 14 பேர்! ஒரு லாரியில் ஏற்றிவிடலாம் அத்தனை பேரையும். ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு. 'நிச்சயம் குணம்' என்பதற்கு இடமில்லை. நிச்சயம் பேசுகிறவனிடம் நெருங்காதீர்கள். இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த நாற்காலியில் அமரவே கூடாது.

தோழர்களே! ஒரு மாதச் சம்பளத்தை விடுதி அறை வைத்தியனிடம் கொட்டுவதற்கு முன், அரசு ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவிலே அரை நாள் வரிசையில் நில்லுங்கள். சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்படித் தசைக்கான பயிற்சியைக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால், சிறுநீரில் ரத்தம் கண்டால், ஒரு நாளும் தாமதியாதீர்கள். எவர் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும், "எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? போலியோடு ஒப்பிட்டீர்களா? பலன் எத்தனை நாள் நின்றது?" என்று கேளுங்கள்.

கூலி குறைந்தால் குரல் கொடுக்கத் தெரிந்த நமக்கு, உடல் வலித்தால் வாய் திறக்கவா தெரியாது?