இமாரி துறைமுகம், சத்சுமா பிரபு... குயவர் எங்கே?

இமாரிப் பீங்கான் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அதில் பெரும்பகுதி இமாரியில் செய்ததே இல்லை. செய்தது அரிதா என்கிற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும். இமாரி கப்பல் ஏற்றிய துறைமுகம், அவ்வளவுதான்.

சரி, ஊர்ப் பெயர் மாறினால் போகட்டும். செய்தவர்கள்?

1592-ல் ஹிதேயோஷியின் படை கொரியாவுக்குள் புகுந்தது. 1598-ல் அவர் இறந்ததும் திரும்பியது, வெறுங்கையோடு அல்ல. குயவர்களைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு வந்தார்கள். இதற்கு 'மட்பாண்டப் போர்' என்று செல்லப்பெயர் வேறு! அரிதாவில் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் யி சாம்-பியோங் அப்படி வந்த கொரியர்தான். அவருக்கு அங்கே நினைவுக்கல் எழுப்பினார்கள், 1917-ல். அப்போது கொரியாவே ஜப்பானின் பிடியில்.

தெற்கே சத்சுமாவில் இன்னும் மோசம். ஷிமாசு பிரபு கொண்டுவந்த குயவர்கள் நயெஷிரோகாவா கிராமத்தில் குடிவைக்கப்பட்டார்கள். தந்த நிற மண், மேலே கண்ணாடி போன்ற பூச்சு. சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு கூடுதலாகச் சுருங்குவதால் தலைமுடி அளவு விரிசல்கள் வலைபோல் விழும். அதுதான் அழகு. இந்த வெள்ளைச் சரக்கு பிரபு வீட்டுக்கு, கறுப்புச் சரக்கு ஊர்ச் சனத்துக்கு. செய்த குயவர்களுக்கோ, கொரியப் பெயரையும் உடையையும் பேச்சையும் விடக்கூடாது என்று உத்தரவு. ஆள் தலைமுறை தலைமுறையாக அந்நியன், அவன் செய்த ஜாடி மட்டும் சுத்த ஜப்பானியம்!

1867 பாரிஸ் கண்காட்சியில் சத்சுமா தனியாகவே கடை விரித்தது. மேல்நாட்டில் கிராக்கி ஏறியதும் கியோட்டோ, யோகோஹாமா பட்டறைகள் கூடப் பொன்னைப் பூசி 'சத்சுமா' என்று ஏற்றுமதி செய்தன. கணக்குப்பதிவியலில் குட்வில் என்று படிக்கிறோமே, அது இங்கே யார் உழைப்பில் சேர்ந்தது, யார் பேரேட்டில் ஏறியது?

"வண்ணமும் பொன்வேலையும் ஜப்பானில் வளர்ந்தவைதானே?" என்பார்கள். உண்மைதான், அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் இதற்குக் 'கலாசாரப் பரிமாற்றம்' என்று பெயர் சூட்டுவதுதான் பொறுக்கவில்லை. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கை நீட்டியிருக்க வேண்டும். இங்கே ஒரு பக்கத்தின் கை கட்டப்பட்டிருந்தது.

அதே நயெஷிரோகாவாவில் 1882-ல் பார்க் என்ற குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். கொரியக் குயவர் வம்சம். 1886-ல் அந்தக் குடும்பம் 'தோகோ' என்ற ஜப்பானியப் பெயருக்கு மாறிக்கொண்டது. பையன் படித்து, 1941-ல் ஜப்பானின் வெளியுறவு அமைச்சரே ஆனார்: தோகோ ஷிகெனோரி. பார்க் என்ற பெயரோடு அந்த நாற்காலி கிடைத்திருக்குமா?

அந்தக் கிராமத்திலேயே சின் ஜுகான் குடும்பம் மட்டும் பெயரை விடவில்லை. 15-வது தலைமுறையாக அவர்கள் சூளை இன்றும் எரிகிறது.