வரிசையில் எல்லோரும் சமமா? அறுபது ரூபாய் டிக்கெட்டும் ரோகிணி வாசலும்

பெரிய நடிகரின் படத்துக்கு முன்பதிவு திறக்கும் நாளில் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும். "யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு டிக்கெட். இதில் என்ன பாரபட்சம்?" இணைய வரிசைக்குச் சாதி தெரியாது, செயலி யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை என்பது இதன் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே குரலை நாம் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். "தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதானே, மதிப்பெண் எடுத்தவன் போகட்டும்" என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களின் குரல் இது. யார் எங்கிருந்து கிளம்பி வருகிறார்கள் என்பதை மறைத்துவிட்டு, யார் முதலில் வந்தார் என்பதை மட்டும் அளப்பது பழைய வித்தை. கல்லூரி வாசலில் அதற்குத் 'தகுதி' என்று பெயர். தியேட்டர் வாசலில் 'வரிசை' என்று பெயர்.

சினிமா டிக்கெட் சின்ன விஷயம் என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். சின்ன விஷயம் இல்லை என்பதை அரசியலமைப்புச் சட்டமே சொல்லியிருக்கிறது. சாதியின் பெயரால் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாத இடங்களை 15(2) ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களும் அதில் உள்ளன. கிணறும் குளமும் சாலையும் அடுத்த வரியில் வருகின்றன. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த உரிமைப் போரின் நீட்சியில்தான் தியேட்டர் வாசலும் இருக்கிறது. சேர்ந்து சிரிக்கவும் சேர்ந்து அழவும் இருக்கும் உரிமையும் தண்ணீருக்கான உரிமையின் உடன்பிறப்புதான்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் சினிமாவைப் பற்றி 1981இல் வெளியான தன் ஆங்கில நூலில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலையைப் பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகைதான் என்றார். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, காசு தீர்மானித்தது. கோயில் மண்டபத்திலும் சபாவிலும் நமக்குக் கிடைக்காத இடம் கொட்டகைத் தரையில் கிடைத்தது. தரை, பெஞ்சு, சேர் என்று உள்ளே பிரித்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தரை டிக்கெட் என்ற ஒன்று இருந்ததால்தான் கூலி வாங்கிய கையோடு ஒருவர் உள்ளே போக முடிந்தது. தமிழ் சினிமாவின் நூறு நாள், வெள்ளிவிழா ஓட்டங்களின் கல்லாவை நிரப்பியதில் அந்தத் தரைக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்று அந்தத் தரை எங்கே?

அம்பத்தூரிலிருந்து பார்த்தால்

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸ்களுக்கான உச்சவிலை 120 ரூபாயிலிருந்து 150 ஆக உயர்ந்தது, வரி தனி. பல மாநிலங்களில் வார இறுதி டிக்கெட் ஐந்நூறு ரூபாயைத் தாண்டுகிறபோது இங்கே இப்படியொரு கட்டுப்பாடு இருப்பது நல்லதுதான். அதைக் காப்பாற்ற வேண்டும். விலையின் கீழ்முனையில் முன்வரிசை டிக்கெட் இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை மல்டிபிளெக்ஸ்களில் அது 10 ரூபாய். இன்று வரியோடு சேர்த்துச் சுமார் 60 ரூபாய். திரைக்கு நேர் கீழே, கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய சில வரிசைகள். பழைய தரை டிக்கெட்டின் மிச்சம் அதுதான்.

அந்த மிச்சத்தை யார் எடுக்கிறார்கள்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பல பட்டறைகளில் வேலை நேரத்தில் கைப்பேசியை எடுக்க முடியாது. ஆவடியில் விடியுமுன் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளருக்கு முன்பதிவு எப்போது திறக்கும் என்று சொல்ல ஆளில்லை. பூந்தமல்லியில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என இரண்டு திரைகளைத் திறந்துவைத்துச் சக்கரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடிகிறவர் யார்? சம்பளம் வெட்டப்படாமல் காத்திருக்க முடிவதே ஒரு சொத்து. நிலத்தைப் போலவும் கல்வியைப் போலவும் அதுவும் இந்த நாட்டில் சாதிவாரியாகத்தான் பங்கிடப்பட்டிருக்கிறது.

வரிசையில் முன்னேறி உள்ளே போனாலும் கதை முடியவில்லை. முன்வரிசை இருக்கைகள் பல சமயம் திறக்கும்போதே சாம்பல் நிறத்தில் இருக்கும். விற்றுவிட்டதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா, யாருக்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தத் திரை சொல்வதில்லை. கிடைத்தாலும் இணைய முன்பதிவுக்கு டிக்கெட் ஒன்றுக்கு இருபது, முப்பது ரூபாய் தனியாக எடுக்கிறார்கள். 190 ரூபாய் டிக்கெட் வாங்குகிறவருக்கு முப்பது ரூபாய் என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 60 ரூபாய் டிக்கெட் வாங்குகிறவருக்கு அதுவே பாதி. ஏழைக்குத்தான் கூடுதல் விழுக்காடு. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்காரர் கணக்கும் இப்படித்தான் இருக்கும்.

"கவுண்டரில் போய் வாங்கிக்கொள்ளலாமே" என்பார்கள். வெள்ளிக்கிழமைக் காட்சிகள் இணையத்திலேயே தீர்ந்த பிறகு கவுண்டரில் வாங்க என்ன இருக்கிறது? அம்பத்தூர் ராக்கி, முருகன், ஆவடி மீனாட்சி, பூந்தமல்லியைத் தாண்டி ஈ.வி.பி. என்று மேற்குப் புறநகரில் திரைகளுக்குக் குறைவில்லை. குறைந்துகொண்டே போவது காசை நீட்டினால் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும் ஜன்னல்.

டிக்கெட் கையில் இருந்தும்

இந்தப் புறநகர்களைச் சென்னையோடு இணைக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், கோயம்பேட்டில், ரோகிணி தியேட்டர் இருக்கிறது. 2023 மார்ச் 30 அன்று 'பத்து தல' படத்தின் முதல் காட்சிக்கு நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் அங்கே வந்தது. கையில் டிக்கெட் இருந்தது. வாசலில் ஊழியர் உள்ளே விட மறுத்தார். அங்கிருந்த ரசிகர்கள் தட்டிக் கேட்டார்கள், படம் பிடித்தார்கள். காணொளி ஊரெங்கும் பரவியது. பிறகு அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். ஊழியர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது.

தியேட்டர் தரப்பு சொன்ன விளக்கத்தை மறக்கக் கூடாது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அனுமதிக்க முடியாது என்றார்கள். யு/ஏ என்றால் பெற்றோரின் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்றுதான் பொருள். குழந்தைகள் தனியாக வரவில்லை, குடும்பத்தோடுதான் வந்தார்கள். ஒவ்வொரு வாரமும் யு/ஏ படங்களுக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் போகின்றன? அவர்களுக்கெல்லாம் நினைவுக்கு வராத சட்டம் பாசிமணி போட்ட பெண்ணைப் பார்த்ததும் எப்படி நினைவுக்கு வந்தது? "குடும்பங்கள் தியேட்டருக்கு வருவதில்லை, ஃபேமிலி ஆடியன்ஸ் வந்தால்தான் படம் பிழைக்கும்" என்று தயாரிப்பாளர்கள் மேடைதோறும் புலம்புகிறார்கள். ஒரு குடும்பம் வந்தது. அதை வாசலில் நிறுத்தினார்கள். ஃபேமிலி ஆடியன்ஸ் என்றால் எந்தச் சாதியின் குடும்பம் என்பது அன்று தெரிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்கார விடாமல் ஒரு நரிக்குறவர் பெண்ணைத் துரத்தினார்கள். அவர் பேசிய காணொளி பரவிய பிறகு அமைச்சர் போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்புக்குப் போனார், ஒரு வீட்டில் இட்லி சாப்பிட்டார். 2022 டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மூன்றே மாதத்தில் ரோகிணி. முதலமைச்சர் வீட்டுக்கு வரலாம், நாடாளுமன்றம் சட்டம் போடலாம், ஆனால் டிக்கெட் சரிபார்ப்பவரின் கை குறுக்கே நீண்டால் எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. காணொளி எடுக்க ஆள் இல்லாத நாட்களில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"க்ரவுட் எப்படி?"

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி எழும். கவுண்டர் வரிசை மட்டும் என்ன சொர்க்கமா? தள்ளுமுள்ளு, லத்தி அடி, பெண்கள்மீது படும் கைகள், வாசலிலேயே நடக்கும் பிளாக் விற்பனை எல்லாம் அங்கேதானே இருந்தன? செயலி வந்ததால்தானே எங்கள் பெண்கள் நிம்மதியாக டிக்கெட் எடுக்கிறார்கள், கவுண்டர்காரன் ஏற இறங்கப் பார்ப்பதிலிருந்து தப்பிக்கிறார்கள்?

உண்மைதான். செயலியை ஒழி என்று நாம் சொல்லவில்லை. முகம் பார்க்காமல் டிக்கெட் தரும் ஏற்பாடு நமக்கும் தேவைதான். ஆனால் அந்த ஏற்பாடு விற்பனையோடு முடிந்துவிடுகிறது. வாசலில் முகம் பார்க்கிறார்கள், உடை பார்க்கிறார்கள், காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரோகிணி வாசலில் நின்ற குடும்பத்திடம் டிக்கெட் இருந்தது. டிக்கெட் வாங்கியவுடன் சாதி மறைந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. கவுண்டரில் இருந்த பழைய கொடுமைக்குத் தீர்வு நல்ல கவுண்டர். ஏழைகளை வரிசையிலிருந்தே நீக்கிவிட்டு, பார், இப்போது தள்ளுமுள்ளு இல்லை என்று காட்டுவது தீர்வு ஆகாது.

தள்ளுமுள்ளு இல்லாத இந்த அமைதியைத்தான் சிலர் விரும்புகிறார்கள். ஒரு தியேட்டரைப் பற்றி நண்பர்கள் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். ஒலி எப்படி, திரை எப்படி என்று கேட்ட பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். "க்ரவுட் எப்படி?" டீசன்ட் க்ரவுட், லோக்கல் க்ரவுட் என்று பதில் வரும். 'தரை டிக்கெட்' என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. ஊரும் சேரியும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் இந்த ஆங்கிலச் சொற்கள் அதே வேலையைப் பார்க்கின்றன. இதைச் சொல்கிறவர்களில் முற்போக்கு முகநூல் பதிவு போடுகிறவர்களும் உண்டு. 'பரியேறும் பெருமாள்' பார்த்துவிட்டு நெகிழ்ந்து எழுதுவார்கள். பரியன் தன் நண்பர்களோடு பக்கத்து இருக்கையில் விசில் அடித்தால் அடுத்த முறை வேறு தியேட்டருக்குப் போவார்கள். திரையில் நம் கதை ஓடலாம், திரைக்கு எதிரே நாம் உட்காரக் கூடாது என்பது எந்த ஊர் சாதி ஒழிப்பு?

டிக்கெட் விலை பற்றிய விவாதம் நடக்கும்போதும் நமக்கு மேசையில் இடமில்லை. ஆந்திராவில் 2021 ஏப்ரலில் அரசு விலையைக் கடுமையாகக் குறைத்து உத்தரவு போட்டது. கிராமத்துக் குளிரூட்டாத தியேட்டரில் கடைசி வகுப்பு 5 ரூபாய் வரை இறங்கியது. நட்சத்திரங்களும் தயாரிப்பாளர்களும் முதல்வரைச் சந்தித்தார்கள், 2022 மார்ச்சில் விலை மீண்டும் உயர்ந்தது. ஓர் ஆண்டு நடந்த அந்தச் சண்டை முழுக்க ஆட்சிக்கும் திரைத்துறைக்கும் இடையிலானது. அந்த 5 ரூபாய் இருக்கையில் உட்கார்ந்தவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டார்களா? மலிவு டிக்கெட்டை ஆட்சியாளர் கொடுக்கும் சலுகையாகப் பார்க்கும்வரை, கொடுத்தவர் நினைத்த நாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

எனவே நாம் இதை உரிமையாகக் கேட்க வேண்டும். தியேட்டர்கள் அரசிடம் உரிமம் வாங்கித்தான் நடக்கின்றன. உரிமத்துக்கு நிபந்தனை போடும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. தீ அணைப்பான் இல்லையென்றால் உரிமம் இல்லை என்று சொல்ல முடிகிற அரசு இவற்றையும் சொல்லட்டும்:

ஒவ்வொரு காட்சியிலும் மிகக் குறைந்த விலை டிக்கெட்டுகளில் பாதியையாவது காட்சி நாளன்று கவுண்டரில், ரொக்கத்துக்கு விற்க வேண்டும்.

குறைந்த விலை டிக்கெட்டுக்கு இணைய முன்பதிவுக் கட்டணம் கூடாது.

நிறுத்திவைத்த இருக்கைகள் எத்தனை, யாருக்கு என்று வாசலில் எழுதிப் போட வேண்டும்.

டிக்கெட் வைத்திருப்பவரைச் சாதி, உடை, தோற்றம் காரணமாகத் தடுப்பது குற்றம் என்றும், யாரிடம் புகார் செய்வது என்றும் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும். தடுத்தால் கடைநிலை ஊழியர்மீது வழக்குப் போட்டுவிட்டுக் கைகழுவக் கூடாது, உரிமம் வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும்.

இவை நிறைவேறும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. ரோகிணி வாசலில் அன்று அந்தக் குடும்பத்துக்காகப் பேசியவர்கள் எந்தக் கட்சியின் பேச்சாளர்களும் இல்லை, படம் பார்க்க வந்த இளைஞர்கள்தான். அவர்கள் தம் இருக்கையைப் பிடிக்க ஓடியிருந்தால் அது இன்னொரு சாதாரண வெள்ளித்திரை நாளாக முடிந்திருக்கும். அடுத்த முறை உங்கள் வரிசையில் யாரையாவது ஒதுக்கி நிறுத்தினால், உங்கள் டிக்கெட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் உள்ளே போகும்வரை நீங்களும் போகாதீர்கள். படத்தில் முதல் பத்து நிமிடம் போனால் போகட்டும்.