புறக்கடைக் கோழிகளும் நாய்களும்

கிராமத்தில் ஒரு கன்று காணாமற்போனால் அன்று மாலைக்குள் நாலு பேர் தேடிப் புறப்படுவார்கள். ஒரு பெட்டைக் கோழி நாய்வாய்ப்பட்டாலோ, போனது போகட்டும் என்று விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் குடும்பத்துக்கு நன்மை தருவதன்று. குடியானவர் வீடுகளில் கோழி பெரும்பாலும் ஸ்திரீகளின் சிறுவாட்டுச் சொத்து. பிள்ளைகளின் புஸ்தகச் செலவும், எதிர்பாராத மருந்துச் செலவும் அதிலிருந்தே நடைபெறுவதுண்டு. நாட்டுப் பெட்டை ஆண்டொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகளே இடும். எனினும் 21 நாள் அடைகாத்துத் தானே குஞ்சு பொரித்துக் காப்பாற்றவல்லது. ஆகையால் ஒரு பெட்டை போவது ஒரு கோழியின் விலை மட்டும் போவதன்று. அதன் வழியே பெருகவேண்டிய குஞ்சுகளெல்லாம் போவதாகும்.

புதுக்கோட்டை ஜில்லாவின் கடலோரமான மணமேல்குடி வட்டாரத்தில் இவ்விஷயம் விசேஷமாய்க் கவனிக்கத்தக்கது. இங்கே கண்மாய்ப் பாசன நெல்வயல்களும், சீமைக் கருவேல் புதர்களும், கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம் போன்ற மீன்பிடி ஊர்களும் அருகருகே உள்ளன. மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் வெளியில் கொட்டப்படும் இடம் எதுவாயினும், அங்கே நாய்கள் கூடுவது இயல்பு. கழிவு கிடைக்காத நாளில் அவை புறக்கடைகளை நாடும். வீட்டையொட்டிய புதர்களோ கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் மறைவிடம் தருகின்றன.

கோழியை இழந்த கோபத்தில் சிலர் சோற்றில் விஷம் கலந்து வைக்கத் துணிகின்றனர். இது பாவமும் குற்றமும் மட்டுமன்று, மதியீனமுமாகும். 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடைச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு இடங்கொடா. விஷம் ஆளறிந்து கொல்வதில்லை; காவல் நாயும், வரப்பில் எலியையும் பாம்பையும் பிடிக்கும் கீரியும், சில வேளை கோழியுமே அதற்கு இரையாகும். ஒரு நாய் இறந்தால், கழிவு இருக்குமட்டும் வேறொரு நாய் அவ்விடத்துக்கு வந்துசேரும்.

உண்மையில் குற்றம் நாயினுடையது என்பதைவிடக் கூட்டினுடையது என்பதே பொருந்தும். இருள் சூழ்ந்தபின் கோழிக்குக் கண் சரியாய்த் தெரியாது. ஓடித் தப்பவும் இயலாது. ஆகவே பொழுது சாயுமுன் எண்ணிப்பார்த்து அடைப்பதே முதற்காவல். கூடு தரையினின்று 2 அடி உயர்ந்து, உறுதியான கால்களின்மேல் நிற்பது நலம். தரைக்கூடாயின் கம்பிவலையை 1 அடி ஆழம் மண்ணுள் புதைத்தல் வேண்டும். நாயும் பெருச்சாளியும் தோண்டி நுழையா. மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே தக்கது. கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் அவசியம். இளங்குஞ்சுகளைப் பகலிலும் பஞ்சாரத்தில் அடைத்துவைத்தால் காகம், பருந்து இவற்றின் தொல்லை நீங்கும். கூட்டைச் சுற்றிச் சில கஜ தூரம் புதரின்றிச் செதுக்கிவைப்பது நன்று.

தனி வீட்டின் காவல் இவ்வளவே. மிச்சம் ஊரின் கடமை. நாய்களுக்குக் கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடுவதை 2023ஆம் ஆண்டின் விதிகள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியுள்ளன. கழிவைக் குழியிலிட்டு மூடச் செய்வதும், இப்பணிக்கு வேண்டிய ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவதும் ஊராட்சித் தலைவர்களும் கிராம அலுவலர்களும் முன்னின்று செய்யத்தக்கவை.

உழவு மாட்டுக்குக் கொட்டகை கட்டும் நிலக்காரர், அதே கையால் மனைவியின் கோழிகளுக்கு ஒரு கூடு கட்டித்தரத் தயங்குவது நியாயமன்று. பழைய பலகையும் சிறிது கம்பிவலையும் ஒரு நாள் உழைப்பும் இருந்தால் அது முடியும். வீட்டுச் சிறுவாட்டைக் காப்பதும் வேளாண்மையின் ஒரு பகுதியே.