பின்சிறகையும் பாருங்கள்

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 52 கிலோ தண்டவாளமும் 60 கிலோ தண்டவாளமும் மேலிருந்து பார்த்தால் புதியவர்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் ஒன்று 156 மி.மீ. உயரம், மற்றது 172 மி.மீ. என்பது புரியும். எத்தனையோ இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த நானே, சென்ற மழைக்காலத்தில் ஓர் அந்துப்பூச்சியிடம் ஏமாந்தேன்.

எங்கள் நாக்பூர் வீட்டு வேலியில் சீந்தில் கொடி இருக்கிறது. 2020இல் கொரோனா நாட்களில் கஷாயத்துக்கென்று நம்மில் பலர் வளர்த்த அதே குள்வேல்தான். அதில் காய்ந்த இலைபோல் உட்கார்ந்திருந்த இரண்டு பூச்சிகளைப் பேத்தி படமெடுத்தாள். ஒன்று வெறும் பழுப்பு. மற்றதன் முன்சிறகு நடுவே வெள்ளை அடையாளம். "இரண்டும் வேறு வேறு இனம்" என்று அடித்துச் சொன்னேன். அவளும் ஆல்பத்தில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மருமகளின் துடைப்பம் பட்டதும் இரண்டும் சட்டென்று சிறகை விரித்தன. இரண்டின் பின்சிறகும் ஆரஞ்சு நிறம். இரண்டிலும் கால்புள்ளிபோல் வளைந்த கறுப்பு அடையாளம். யூடோசிமா ஃபலோனியா என்ற ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்! நெருங்கிய உறவான யூடோசிமா மெட்டர்னாவுக்கு அந்த இடத்தில் வட்டப் பொட்டு இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகு இதையெல்லாம் மூடிவிடுகிறது.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இந்தப் பக்கத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் இரவில் பழத்தைத் துளைத்துச் சாறு உறிஞ்சுபவை இவைதாம். இவற்றின் புழு வளர்வது சீந்தில் கொடியில். ஆனால் ஏற்கெனவே துளைபட்ட பழத்தில் வந்து குடிக்கும் வேறு அந்துப்பூச்சிகளும் உண்டு. ஒரே படத்தை வைத்துப் பழி சுமத்தினால், தோட்டத்தைச் சுற்றியுள்ள கொடியை அகற்ற வேண்டியவர் மருந்துக்குக் காசைக் கொட்டுவார்.

செல்போன் செயலி நொடியில் பெயர் சொல்கிறது. அதை யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, பின்சிறகு தெரியும்படி ஒன்று எடுங்கள். தேதி, இடம், உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். படத்துக்காகச் சிறகைப் பிடித்து இழுக்க வேண்டாம். அப்படியும் பிடிபடாவிட்டால் "இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் வெட்கமில்லை. தவறான பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

ஆல்பத்தில் நான் சொன்னதைப் பேத்தியே சிவப்பு மையால் அடித்துத் திருத்தினாள். தாத்தா சொன்னார் என்பதற்காக அதை அப்படியே விட்டுவைக்காததில் எனக்குப் பெருமைதான்.